லினக்ஸ்சிஎன்சி மேல் விலைக்கு விற்கும் கன்ட்ரோலர்: உரிமம் எங்கே தடுக்கும், வேலை எங்கே தடுக்கும்

கேள்வி இதுதான்: லினக்ஸ்சிஎன்சி போன்ற திறமூல இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளை அடித்தளமாக வைத்து, லினக்ஸே தெரியாத ஆபரேட்டரும் ஓட்டக்கூடிய கன்ட்ரோலர் ஒன்றைச் செய்து காசுக்கு விற்கலாமா? விற்றால், நாமே எழுதிய திரையின் (ஆபரேட்டர் பயன்படுத்தும் இடைமுகத்தின்) மூலநிரலையும் கொடுத்தாக வேண்டுமா?

தாராளமாக விற்கலாம். டார்மாக் நிறுவனம் தன் மில்லிங் இயந்திரங்களோடு தரும் பாத்பைலட் லினக்ஸ்சிஎன்சியின் மேல்தான் கட்டப்பட்டது. திரையின் மூலநிரலைக் கொடுக்க வேண்டுமா என்பது, அந்தத் திரை உள்ளே இருக்கும் மென்பொருளோடு எப்படிப் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் கீழே பார்ப்போம். ஆனால் இந்த முயற்சிகள் பெரும்பாலும் உரிமத்தில் சறுக்குவதில்லை. எந்தக் கணினி, எந்த ட்ரைவ் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி), எந்த இயந்திரம் வந்தாலும் ஓடும் என்று சொல்லி விற்கும்போதுதான் சறுக்குகின்றன. வாடிக்கையாளர் காசு கொடுப்பது தேர்வு செய்யும் சுமையை நீங்கள் எடுத்துக்கொள்வதற்காக. எனவே எதையெல்லாம் மாற்ற முடியாதபடி பூட்டி, சோதித்துத் தருகிறீர்களோ அதுதான் உங்கள் சரக்கு.

முதலில் உரிமம். லினக்ஸ்சிஎன்சியின் வேர் 1990களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் எழுதிய இஎம்சி. அரசுப் பணியில் எழுதப்பட்டதால் அந்தப் பழைய நிரல் பொதுவுடைமை. இதைப் படித்துவிட்டு இன்றைய நிரலும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். இன்று நீங்கள் நிறுவுவது ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. சில பகுதிகள் மட்டும் அதன் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல். ஜிபிஎல் விலையைத் தடுப்பதில்லை. அது கேட்பது, இருமக் கோப்பு (ஓடத் தயாரான நிரல்) யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கு அதற்குரிய முழு மூலநிரலும், அதைக் கட்டும் ஸ்கிரிப்டுகளும் கிடைக்க வேண்டும். அவர்கள் அதைப் பிறருக்குக் கொடுப்பதை நீங்கள் தடுக்கக் கூடாது. 'இந்த மென்பொருளைப் பிரதி எடுக்கக் கூடாது' என்று உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்தால், ஜிபிஎல் பகுதிகளைப் பொறுத்தவரை அந்த வரியே மீறல். எந்தெந்தப் பகுதிக்கு அது பொருந்தாது என்று தெளிவாக எழுதுங்கள்.

பலரும் மறப்பது வட்டுப் படிமத்தை. நீங்கள் விற்கும் எஸ்எஸ்டியில் லினக்ஸ்சிஎன்சி மட்டுமா இருக்கிறது? கெர்னல் (இயங்குதளத்தின் கரு), பேஷ், சி நூலகம், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் நூற்றுக்கணக்கான பொதிகள் எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் விநியோகிப்பவர் இப்போது நீங்கள். 'டெபியன் தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கைகாட்டுவது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி வணிக விநியோகத்துக்குப் போதாது. மூலநிரலைக் கூடவே தர வேண்டும், அல்லது குறைந்தது 3 ஆண்டுகள் செல்லும் எழுத்துமூல உறுதி தர வேண்டும். எளிய வழி, ஒவ்வொரு வெளியீட்டையும் கட்டும் அதே நாளில் அதில் உள்ள எல்லாப் பொதிகளின் மூலப் பொதிகளையும் இறக்கி, உங்கள் மாற்றங்களையும் சேர்த்து, ஒரே காப்பாக வைத்து, கன்ட்ரோலரோடு ஒரு யுஎஸ்பியில் போட்டுக் கொடுத்துவிடுவது. அப்படிக் கூடவே கொடுத்துவிட்டால் 3 ஆண்டு உறுதியைக் காப்பாற்றும் வேலையே இல்லை. பிறகு தேடிச் சேர்க்கலாம் என்று விட்டால், அந்தப் பதிப்புக்கு நேரான மூலத்தைத் தோண்டியெடுப்பது பெரும்பாடு.

இன்னொரு நுணுக்கம், ஜிபிஎல் இரண்டும் மூன்றும் கலப்பது. லினக்ஸ்சிஎன்சியில் 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்று குறித்த நிரல்களும் உண்டு. அவற்றை மூன்றாம் பதிப்பு நூலகத்தோடு இணைத்து விநியோகிக்க முடியாது. கட்டளை வரியைப் படிக்க உதவும் ரீட்லைன் நூலகம் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது இந்தச் சிக்கல் நேராகவே வந்தது. இன்றும் மூலத்திலிருந்து கட்டும்போது, அப்படிப்பட்ட நூலகங்களோடு இணைக்க 'விளைவை விநியோகிக்க மாட்டேன்' என்று ஒப்புக்கொள்ளும் ஒரு தெரிவு இருக்கிறது. உங்கள் மேசையில் சோதிக்க அந்தத் தெரிவைப் போட்டுவிட்டு, அதே கட்டமைப்பை விற்பனைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது திரை. லினக்ஸ்சிஎன்சி தரும் பைத்தான் தொகுதியை உங்கள் நிரலுக்குள் இறக்குமதி செய்து நிலையைப் படித்து, கட்டளை அனுப்பினால், உங்கள் திரையும் ஜிபிஎல் நிரலும் ஒரே செயல்முறைக்குள் ஓடுகின்றன. அதை மூடி வைக்க முடியும் என்று நம்பி முதலீடு போடாதீர்கள். ஹால் கூறுகளும், அதாவது லினக்ஸ்சிஎன்சியை வன்பொருளோடு இணைக்கும் ஹால் அடுக்கில் ஓடும் சிறு நிரல்களும், அப்படித்தான். அவற்றைக் கட்டும் ஹால்கம்பைல் கருவி, கூறின் கோப்பில் உரிமம் இன்னது என்ற வரி இல்லாவிட்டால் கட்டவே மறுக்கும். எனவே நிகழ்நேரப் பகுதியில் (குறித்த நேரம் தவறாமல் ஓட வேண்டிய பகுதியில்) நீங்கள் எழுதும் எல்லாமே திறந்தது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

திரையை மூடித்தான் வைக்க வேண்டும் என்றால் தனிச் செயல்முறையாக எழுதி, பிணைய வழியே பேச வையுங்கள். லினக்ஸ்சிஎன்சியோடு வரும் ஆர்எஸ்எச் சேவையகம் 5007ஆம் போர்ட்டில் எளிய உரைக் கட்டளைகளை ஏற்கும். அது போதாவிட்டால், நிலையை ஜேசன் வடிவில் வெப்சாக்கெட் வழியே தரும் சின்னப் பாலம் ஒன்றை ஜிபிஎல் கீழ் எழுதி வெளியிடுங்கள். மூடிய திரை அந்தப் பாலத்தோடு மட்டும் பேசட்டும். பாலத்தின் நெறிமுறையை ஆவணப்படுத்தி, வேறு யாரும் அதன்மேல் வேறு திரை எழுதலாம் என்ற நிலையில் வைத்தால் 'இவை இரண்டும் தனித்தனி நிரல்கள்' என்ற வாதம் வலுவாக நிற்கும். சாக்கெட் நடுவில் இருப்பதாலேயே எல்லாம் தனி என்று ஆகிவிடாது. உள்தரவுக் கட்டமைப்புகளை அப்படியே பரிமாறும் அளவுக்கு நெருங்கிப் பின்னிவிட்டால் ஒரே நிரலாகக் கருத இடமுண்டு என்பதுதான் ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. விற்பனைக்கு முன் இந்த ஓர் எல்லையை மட்டுமாவது மென்பொருள் உரிமம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். திரைக்கு க்யூட்டி என்ற இடைமுக நூலகத்தைப் பயன்படுத்துவதானால், அதைப் பைத்தானில் அழைக்கும் இரண்டில் பைக்யூட்டி ஜிபிஎல் மூன்று அல்லது காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம், பைசைடு எல்ஜிபிஎல். மூடிய திரைக்குப் பின்னதே ஏற்றது.

என் கருத்தைச் சொன்னால், திரையையும் திறந்துவிடுவதே நல்லது. உங்கள் திரையைப் பிரதி எடுப்பவரால் நீங்கள் சோதித்த வன்பொருளையும், அமைப்புக் கோப்புகளையும், தொலைபேசியை எடுக்கும் ஆளையும் பிரதி எடுக்க முடியாது.

சிறிய ரவுட்டர், லேசர் போன்றவற்றுக்கு ஜிஆர்பிஎல் என்ற திறமூல ஃபர்ம்வேர் வழியும் உண்டு. அங்கே எல்லை இன்னும் தெளிவு. நிகழ்நேர வேலை மைக்ரோகன்ட்ரோலரில் ஓடுகிறது, உங்கள் திரை கணினியில் இருந்து சீரியல் வழியே ஜி-கோடு (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) அனுப்புகிறது. ஆனால் ஜிஆர்பிஎல், அதன் வழிவந்த ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி மூன்றும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கும் பொருளில் அவை இருந்தால், வாங்கியவர் தானே மாற்றிய ஃபர்ம்வேரை அதே போர்டில் ஏற்றுவதற்கான தகவலையும் தர வேண்டும். ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரின் பாதுகாப்புத் தொடக்கப் பூட்டைப் போட்டு, உங்கள் கையொப்பமுள்ள ஃபர்ம்வேர் மட்டுமே ஏறும் என்று செய்தால் அது மீறல்.

உரிமம் இவ்வளவுதான். இனி உண்மையான உழைப்பு.

லினக்ஸ்சிஎன்சிக்கு நிகழ்நேரக் கெர்னல் வேண்டும். கெர்னலை நிகழ்நேரமாக்கும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் மூல மரத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால் பழைய ஒட்டுவேலை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் தாமத நடுக்கம் (நிரல் இழை ஓட வேண்டிய நேரத்திலிருந்து விலகும் அளவு) கெர்னலை மட்டும் பொறுத்ததல்ல. மதர்போர்டு, பயாஸ், கிராபிக்ஸ் சிப், பிணைய சிப் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது. ஒரே மாடல் எண் கொண்ட போர்டில்கூட பயாஸ் பதிப்பு மாறினால் அளவு மாறலாம். ஆகவே ஒரே ஒரு கணினி மாடலைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஓராண்டுக்குத் தேவையானதை ஒரே தொகுதியாக வாங்குங்கள். பயாஸில் சி-நிலைகள் (சிபியு உறங்கும் நிலைகள்), வேகம் மாற்றும் வசதி, ஹைப்பர்த்ரெடிங் மூன்றையும் அணைத்து, நிகழ்நேர இழைக்கு ஒரு சிபியு கோரை ஒதுக்கிவிட்டு, தாமதச் சோதனையை ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் எந்தக் கணினியும் நல்ல எண்ணைத்தான் காட்டும். பக்கத்தில் கிராபிக்ஸ் நிரல்களை ஓட்டி, பெரிய கோப்பை யுஎஸ்பியில் இருந்து நகலெடுத்து, இரவு முழுக்க விட்டு, மறுநாள் உச்ச அளவைப் பாருங்கள். பார்க்க வேண்டியது சராசரி அல்ல, உச்சம். ஒரு கணினியைச் சோதித்துவிட்டு மற்றவை அப்படியே இருக்கும் என்று விடாமல், வெளியே போகும் ஒவ்வொன்றையும் சோதித்து, அந்த எண்ணை வரிசை எண்ணோடு குறித்து வையுங்கள்.

மோட்டாரை ஸ்டெப் ஸ்டெப்பாக நகர்த்தும் துடிப்புகளைக் கணினியே உருவாக்க வேண்டுமா, எஃப்பிஜிஏ (நிரலிடக்கூடிய சிப்) அட்டை உருவாக்க வேண்டுமா என்பதற்கு ஒரு கணக்குப் போதும். சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 10 மைக்ரோஸ்டெப் என்றால் 2000 துடிப்பு. 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ என்றால் மி.மீ.க்கு 400 துடிப்பு. நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகம், அதாவது விநாடிக்கு 100 மி.மீ., கேட்டால் 40 கிலோஹெர்ட்ஸ். கணினியின் அடிப்படை இழை 25 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை ஓடினால் துடிப்பை அதே சுற்றில் இறக்கும் வசதியோடும் 40 கிலோஹெர்ட்ஸ்தான் கூரை. அந்த வசதி இல்லாவிட்டால் 20. மென்பொருள் துடிப்பில் 100 மைக்ரோவிநாடி நடுக்கம் உள்ள கணினி பயன்படாது. அதே கணினி, துடிப்பை எஃப்பிஜிஏ உருவாக்க, 1 மில்லிவிநாடி சர்வோ இழை மட்டும் ஓடும்போது தாக்குப்பிடிக்கும். விற்பனைப் பொருளுக்கு மென்பொருள் துடிப்பை யோசிக்கவே வேண்டாம். மெசா 7ஐ96எஸ் போன்ற ஈதர்நெட் அட்டை 5 அச்சுகளுக்குத் துடிப்பும் திசையும் தரும், பேரலல் போர்ட்டைத் தேடி அலைய வேண்டாம்.

ஈதர்நெட் அட்டைக்குத் தனிப் பிணைய வாய் ஒதுக்குங்கள். வைஃபை, கோப்புப் பகிர்வு எல்லாம் வேறு வாயில் போகட்டும். இன்டெல் பிணைய சிப்பில் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து ஒரே குறுக்கீடாகத் தரும் அமைப்பு இயல்பாக இயங்கிக்கொண்டிருக்கும். அதைப் பூஜ்யமாக்காவிட்டால், பல மணி நேரம் நன்றாக ஓடி, நடு வேலையில் அட்டையைப் படிக்க முடியவில்லை என்ற பிழையோடு இயந்திரம் நிற்கும். இந்த அமைப்பு மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். தொடக்க ஸ்கிரிப்டில் போடுங்கள்.

ட்ரைவின் நேர அளவுகளையும் நீங்களே பூட்டுங்கள். துடிப்பு அகலம், இடைவெளி, திசை மாறியபின் முதல் துடிப்புக்கு முன் காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றில் கடைசியைக் குறைத்து வைத்தால் ஒவ்வொரு திசை மாற்றத்திலும் ஒரு ஸ்டெப் நழுவலாம். அது உடனே தெரியாது. பாக்கெட் பாக்கெட்டாகக் குடையும் வேலையில், ஆயிரக்கணக்கான திரும்பல்களுக்குப் பிறகு பரிமாணம் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும். வாடிக்கையாளர் 'மோட்டார் சக்தி போதவில்லை' என்பார், நீங்கள் மின்னோட்டத்தைக் கூட்டச் சொல்வீர்கள், பிழை அப்படியே இருக்கும். பிழை திரும்பல்களின் எண்ணிக்கையோடு கூடுகிறதா, ஓடிய தூரத்தோடா என்று பாருங்கள். திரும்பலோடு என்றால் இந்த நேரத்தைக் கூட்டுங்கள். தூரத்தோடு என்றால் மி.மீ. ஒன்றுக்கான துடிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.

அமைப்புகளில் எதை வாடிக்கையாளர் தொடலாம் என்பதில்தான் 'எளிது' இருக்கிறது. லினக்ஸ்சிஎன்சியின் ஐஎன்ஐ, ஹால் என்ற அமைப்புக் கோப்புகளில் ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டியவை நிறைய. நல்ல எடுத்துக்காட்டு பேக்லாஷ் ஈடு, அதாவது திசை மாறும்போது ஸ்க்ரூவில் வரும் தளர்வைச் சரிக்கட்டுவது. அச்சின் உச்ச முடுக்கத்தைவிட, துடிப்பை உருவாக்கும் ஸ்டெப்ஜெனின் உச்ச முடுக்கம் கொஞ்சம் கூடுதலாக, வழக்கமாக 25 சதவீதம் கூடுதலாக, இருக்க வேண்டும். பேக்லாஷ் ஈடு போட்டுவிட்டால் அச்சின் கட்டளைக்கு மேல் ஈட்டு அசைவும் சேர்வதால் அது 1.5 முதல் 2 மடங்கு வரை தேவை. வாடிக்கையாளருக்கு பேக்லாஷ் எண் போட ஒரு கட்டம் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால், அவர் 0.03 மி.மீ. போட்ட மறுநிமிடம் 'பின்தங்கல் பிழை' என்று இயந்திரம் நிற்கும். அவர் எண்ணைப் போடும்போதே உங்கள் நிரல் மற்ற அளவுகளைத் தானே கணக்கிட்டு எழுத வேண்டும். நீங்கள் காசு வாங்குவது இப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

பிழைச் செய்தியை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பின்தங்கல் பிழைக்கு என்கோடர் உள்ள சர்வோ இயந்திரத்தில் பொருள், அச்சு உண்மையிலேயே கட்டளையிட்ட இடத்துக்கு வரவில்லை என்பது. டூல் மோதியிருக்கலாம், ட்ரைவ் அணைந்திருக்கலாம். பின்னூட்டமில்லாத ஸ்டெப்பர் இயந்திரத்தில் அதே செய்தி இயந்திரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஸ்டெப்ஜெனின் வேக அல்லது முடுக்க வரம்பு தவறு, அல்லது நிகழ்நேர இழை தாமதித்தது. எனவே செய்தி இயந்திர வகைக்கேற்ப மாற வேண்டும். அடுத்து என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். ஜிஆர்பிஎல்லில் பிழை 9 என்பது 'அலாரம் நிலையில் ஜி-கோடு ஏற்கப்படாது' என்று பொருள்; முதல்முறை ஓட்டுபவர் ஹோமிங் (அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோவது) செய்யாததால்தான் பெரும்பாலும் அது வரும். அந்த எண்ணைக் காட்டாமல் 'முதலில் ஹோமிங் செய்யுங்கள்' என்று பொத்தானோடு காட்டுங்கள். வில் வடிவ வெட்டின் தொடக்க ஆரமும் முடிவு ஆரமும் பொருந்தவில்லை என்ற பிழைக்குப் பெரும்பாலும், வெட்டும் பாதையைக் கணக்கிடும் கேம் மென்பொருளில் அதை ஜி-கோடாக எழுதும் போஸ்ட் ப்ராசஸர் தசம இடங்களைக் குறைத்து வெட்டுவதே காரணம். அதிகம் புழங்கும் கேம் மென்பொருள்களுக்கு நீங்களே சோதித்த போஸ்ட் ப்ராசஸரைச் சேர்த்துக் கொடுத்தால் இந்த அழைப்பே வராது.

இன்னொன்று: லினக்ஸ்சிஎன்சி இயல்பாக ஜி64 என்ற பாதை முறையில், சகிப்பு எண் (பாதையிலிருந்து விலகக்கூடிய அளவு) இல்லாமல் தொடங்கும். வேகத்தைக் காப்பாற்ற மூலைகளை வளைத்துவிடும். சதுரம் வெட்டச் சொன்னால் மூலை உருண்டு வரும். வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் உருளும். தொடக்கக் குறியீட்டு வரியிலேயே ஜி21, ஜி90, ஜி40, ஜி49, ஜி80 ஆகியவற்றோடு ஜி64 பி0.02 (0.02 மி.மீ. சகிப்பு) என்று போட்டுவிடுங்கள்.

நடுவில் நின்ற வேலையை ஒரு குறிப்பிட்ட வரியிலிருந்து தொடர்வதை எல்லோரும் கேட்பார்கள். இதில் அவசரப்பட்டால் டூல் உடையும். உங்கள் திரை அந்த வரிக்கு முந்தைய நிலையைக் கணக்கிட்டு (அலகு, ஆஃப்செட், டூல் நீளம், ஸ்பிண்டில் வேகம், கூலன்ட்) ஆபரேட்டரிடம் காட்டி, முதலில் இசட்டை மேலே தூக்கி, ஸ்பிண்டிலை ஓடவிட்டு, எக்ஸ்-ஒய்யில் இடத்துக்குப் போய், கடைசியில் மெல்ல இறங்க வேண்டும். இதை நம்பகமாகச் செய்ய முடியாதவரை அந்தப் பொத்தானை முதல் பதிப்பில் வைக்காதீர்கள்.

மின்சாரம் திடீரென்று போவதைத் தினசரி நிகழ்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் யாரும் ஷட்டவுன் பொத்தானைத் தேடமாட்டார்கள், மெயின் சுவிட்சைத்தான் அணைப்பார்கள். வட்டில் இயங்குதளம் இருக்கும் பகிர்வு (பார்ட்டிஷன்) படிக்க மட்டும். டூல் அட்டவணை, ஆஃப்செட் கோப்பு, நிரல்கள் தனிப் பகிர்வில். எழுதும்போது புதுக் கோப்பாக எழுதி, வட்டில் ஏறியதை உறுதி செய்து, பிறகு பெயரை மாற்றுங்கள். ஜி54 போன்ற ஆஃப்செட்டின் (வேலைப் பொருளின் தொடக்கப் புள்ளியின்) கடைசி மாற்றம் வட்டில் ஏறாமல் போய், மறுநாள் பழைய எண்ணோடு டூல் இறங்கினால், அதற்குப் பிறகு அந்த வாடிக்கையாளர் உங்கள் திரையை நம்பமாட்டார்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப் மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. பொத்தான் பாதுகாப்பு ரிலே வழியாக ட்ரைவின் மின்சாரத்தையோ டார்க் துண்டிப்பு உள்ளீட்டையோ நேரடியாக வெட்ட வேண்டும். லினக்ஸ்சிஎன்சிக்கு அந்தச் செய்தி தகவலாக மட்டும் போகட்டும். மெசா அட்டையின் வாட்ச்டாக் (கணினியைக் கண்காணிக்கும் காவல் வசதி) கணினி உறைந்தால் வெளியீடுகளைக் கைவிடும், நல்லது. ஆனால் பின்களை நேராக வெளியே தரும் அட்டைகளில் அப்போது அந்தப் பின்கள் உள்ளீடாக மாறி, மின்னழுத்தம் மேலே இழுக்கப்படும். உயர் மட்டம் வந்தால் இயங்கும் ட்ரைவின் எனேபிளை அந்தப் பின்னிலேயே கட்டியிருந்தால், கணினி செத்தபிறகு ட்ரைவ் உயிரோடு இருக்கும். உறைந்த கணினியின் நிலையை நீங்களே உண்டாக்கி, மீட்டரை வைத்து ஒவ்வொரு வெளியீட்டையும் அளந்துபாருங்கள். ஜிபிஎல்லின் 'உத்தரவாதம் இல்லை' என்ற வாசகம் நிரலை எழுதியவர்களைக் காப்பது; முழுப் பொருளை விற்கும் உங்களை அது காக்கும் என்று எண்ண வேண்டாம்.

புதுப்பிப்புகளுக்கு இரண்டு இயங்குதளப் பகிர்வுகள் வையுங்கள். புதியது இரண்டாவதில் ஏறட்டும்; தொடங்கவில்லை என்றால் தானே பழையதற்குத் திரும்பட்டும். அமைப்புக் கோப்பின் வடிவத்துக்கு உங்கள் சொந்தப் பதிப்பு எண் கொடுத்து, மாற்றும் ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்புங்கள். 2020இல் வந்த லினக்ஸ்சிஎன்சி 2.8 பதிப்பு அச்சையும் ஜாயின்டையும் (மோட்டார் ஓட்டும் மூட்டையும்) பிரித்தபோது எல்லோருடைய ஐஎன்ஐ, ஹால் கோப்புகளும் மாற வேண்டியிருந்தது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் உங்கள் வாடிக்கையாளருக்கு அது தெரியவே கூடாது.

விலையை வன்பொருளோடு சேர்த்து வையுங்கள். முதல் ஆண்டின் ஆதரவும் அதற்குள் இருக்கட்டும். அடுத்த ஆண்டுகளுக்கு ஆதரவும் புதுப்பிப்பும் சந்தா. சந்தா முடிந்ததால் இயந்திரம் நிற்கும்படி எதையும் எழுதாதீர்கள். ஜிபிஎல் பகுதியில் அப்படி எழுதினால் வாங்கியவர் அதைச் சட்டப்படியே நீக்கிக்கொள்ளலாம். ஆதரவின் செலவைக் குறைக்க, ஒரு பொத்தானில் பதிவுகள், அமைப்பு, கடைசி நிரல், தாமத உச்சம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி யுஎஸ்பியில் தரும் வசதியை முதல் நாளே எழுதுங்கள். வரும் அழைப்புகளில் கணிசமானவை மென்பொருளே அல்ல. ஸ்பிண்டில் இன்வெர்ட்டரின் இரைச்சல் லிமிட் ஸ்விட்ச் கம்பியில் ஏறிப் பொய் அலாரம் தருவது, யுஎஸ்பி இணைப்பு அறுவது போன்றவை. கவசக் கேபிள், கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது, 24 வோல்ட் ஆப்டோ உள்ளீடு, மோட்டார் கம்பியிலிருந்து சிக்னல் கம்பியை விலக்கி ஓட்டுவது ஆகியவற்றை நிறுவல் தாளின் முதல் பக்கத்திலேயே படத்தோடு போடுங்கள்.

மையத் திட்டத்தில் நீங்கள் செய்யும் திருத்தங்களை உங்களிடமே பூட்டி வைக்காமல் மேலே அனுப்புங்கள். தனிக் கிளையில் சேரும் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த பதிப்பில் மறுபடி இணைத்துச் சோதிக்க வேண்டிய வேலை. உங்கள் பெயர், சின்னம், திரை, அமைப்புக் கோப்புகள் ஆகியவை மட்டும் உங்கள் பக்கம் இருந்து, மற்றதெல்லாம் மையத்தில் சேர்ந்துவிட்டால், புதிய வெளியீடு வரும்போது சிமுலேட்டரில் உங்கள் சோதனை நிரல்களை ஓட்டி, பிறகு மேசைமேல் உள்ள ஓர் உண்மையான அட்டையிலும் ட்ரைவிலும் ஓட்டிப் பார்த்து அனுப்பிவிடலாம்.